புதுப்பித்த வீட்டில் ஏன் இந்தப் புழுக்கம்?



சனிக்கிழமை காலையில் மலாக்கா, பாச்சாங் வட்டாரத்துத் தாமான்களில் ஏதாவது ஒரு வரிசைக்குள் நுழைந்து பாருங்கள். சுத்தியல் சத்தம் கேட்காத வரிசை அபூர்வம். ஒரு வீட்டின் முன்னால் மணல் கொட்டிக் கிடக்கும். அடுத்த வீட்டில், கழற்றி எடுத்த ஜன்னல்கள் வேலியோரம் சாய்ந்திருக்கும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கலாம். தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமாக இருக்கலாம். அல்லது அப்பாவுக்கு 55 வயது நிறைந்து, ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான்: வீட்டைப் பெரிதாக்குகிறார்கள்.

அப்படிப் பெரிதாக்கிய ஒரு வீட்டை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். 22 அடி அகலம், 75 அடி நீளமுள்ள நிலத்தில் நிற்கும் ஒற்றை மாடித் தொடர் வீடு. தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறிய குடும்பம், வங்கிக் கடனை மாதாமாதம் கட்டி முடித்துச் சொந்தமாக்கிக்கொண்ட வீடு. இப்போது கார் நிறுத்தும் இடத்திற்கு முழுக் கூரை போட்டாகிவிட்டது. வரவேற்பறைச் சுவரை இடித்து முன்னால் தள்ளியாகிவிட்டது. பின்னால் துணி காயப்போட்ட திறந்தவெளி, எல்லைச் சுவர் வரைக்கும் குசினியாக மாறிவிட்டது. நடுவில் மிஞ்சிய இடத்தில் இன்னோர் அறை. வாசலில் உருண்டைத் தூண்கள் இரண்டு. உள்ளே பிளாஸ்டர் சீலிங், அதில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் வாயாரப் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு பிற்பகல் 3 மணிக்கு அதே வீட்டுக்குப் போனால் காட்சி வேறு. நடு அறையில் பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. குளிர்சாதனம் மகனுடைய அறையில் மட்டும். அதுவும் மின்கட்டணத்தை நினைத்து இரவில்தான் ஓடும். குசினியில் தாளித்த மிளகாய் நெடி வரவேற்பறைக்கு வந்து, போக வழி தெரியாமல் அங்கேயே நிற்கிறது. வீட்டுப் பாட்டியம்மாள் எங்கே என்று தேடினால், கேட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பழைய நாளிதழை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறார். ஒரு குடும்பத்தின் ஆயுள்காலச் சேமிப்பைப் போட்டுப் புதுப்பித்த வீட்டில் அவருக்குக் காற்று கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். இரவில் அவர் படுக்க வேண்டியதோ ஜன்னலுக்கு வெளியே ஆகாயம் இல்லாத அந்த நடு அறையில்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. பாச்சாங்கில் மட்டுமல்ல, நாட்டில் தொடர் வீடுகள் உள்ள இடமெல்லாம் இதுதான் நடக்கிறது. நவீனமாக இருக்க வேண்டும், நம் பண்பாடும் தெரிய வேண்டும், வசதியும் வேண்டும் என்று மூன்றுக்கும் ஆசைப்பட்டுத் தொடங்குகிற வேலை, கடைசியில் மூன்றில் எதுவுமே முழுதாகக் கிடைக்காமல் முடிகிறது. எங்கே தவறு?

தொடர் வீட்டின் கணக்கு

தனி வீட்டுக்கு நான்கு பக்கமும் வெளி உண்டு. தொடர் வீட்டுக்கு இரண்டே பக்கம்தான், முன்னும் பின்னும். இடமும் வலமும் அடுத்த வீட்டுச் சுவர். காற்று முன்பக்கம் நுழைந்தால் பின்பக்கம் வெளியேற வேண்டும். வெளியேற வழி இல்லாத வீட்டுக்குள் காற்று நுழையவே நுழையாது. முன்ஜன்னலை எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தாலும் வாசலோடு திரும்பிவிடும். பின்பக்கத்தை முழுக்க அடைக்கிறவர் அறியாமல் செய்வது இதுதான். பின்புறம் அடைபடும்போது முன்புறமும் சேர்ந்து அடைபடுகிறது.

மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 2 பாகையில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் பிற்பாதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் உச்சியை விட்டு அதிக தூரம் விலகுவதில்லை. அதனால் இங்கே ஒரு வீடு வாங்கும் வெயிலில் பெரும்பங்கு கூரையின் மேல்தான் விழுகிறது. அடுத்தது மேற்குச் சுவர். பிற்பகலில் வாங்கிய வெப்பத்தைச் செங்கல் சுவரும் கான்கிரீட்டும் தேக்கி வைத்துக்கொண்டு, எல்லாரும் படுக்கப் போகும் நேரத்தில் மெல்ல உள்ளே விடும். இரவு 10 மணிக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

போதாக்குறைக்கு இங்குள்ள காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காயாது. காற்று அசைந்தால்தான் உடம்புக்குத் தேறுதல். மெல்லிய காற்று மேலே பட்டாலே 2, 3 டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். 2016ஆம் ஆண்டு வெப்ப அலையின்போது பெர்லிஸ், கெடா மாநிலங்களில் பள்ளிகளையே மூட நேர்ந்தது. அத்தகைய நாள்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். வீட்டுக்குள் பகல் முழுக்க அடைந்து கிடக்கும் முதியவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் என்ன சொல்கின்றன? குடியிருக்கும் ஒவ்வோர் அறைக்கும் அதன் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஜன்னல் வேண்டும். அதில் 5 விழுக்காட்டு அளவுக்காவது காற்று தடையில்லாமல் வந்து போகும் திறப்பு இருக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 12 சதுர அடி ஜன்னல், 6 சதுர அடி திறப்பு. பெரிய அளவொன்றும் இல்லை. குடும்பங்கள் செய்வது என்னவென்றால், ஜன்னலை எடுப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே இன்னோர் அறையைக் கட்டிவிடுகிறார்கள். முன்பு கொல்லையைப் பார்த்த ஜன்னல் இப்போது குசினி அலமாரியைப் பார்க்கிறது. ஜன்னல் இருக்கிறது, திரைச்சீலையும் இருக்கிறது. காற்றுதான் இல்லை.

ஹீரன் தெருவில் இருக்கும் விடை

இரண்டு பக்கமும் அடைபட்ட, ஒடுங்கி நீண்ட வீட்டில் எப்படி வாழ்வது என்ற கேள்வி மலாக்காவுக்குப் புதிதல்ல. பாச்சாங்கிலிருந்து காரில் சிறிது நேரத்தில் போய்விடக் கூடிய தூரத்தில் அதற்கு விடை நின்றுகொண்டிருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் ஹீரன் தெரு என்று பெயர் பெற்ற இன்றைய துன் டான் செங் லோக் சாலை அது. முகப்பின் அகலத்தை வைத்து வரி போட்டதால்தான் வீடுகள் இப்படி ஒடுங்கலாகின என்று சொல்வார்கள். முகப்பு சின்னது, உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கலாம். இன்றைய தொடர் வீட்டைக் காட்டிலும் பல மடங்கு நீளம். அப்படியிருந்தும் உள்ளே இருட்டில்லை, மூச்சு முட்டுவதில்லை.

காரணம், நடுவே விட்டிருக்கும் திறந்த முற்றம். அதற்கு மேல் கூரை கிடையாது. மழை நேரே தாழ்வான கல் தளத்தில் விழுந்து வடிகாலில் போய்விடும். வெளிச்சம் அதன் வழியாக இறங்கி இரு பக்க அறைகளுக்கும் பரவும். வீட்டுக்குள் சூடேறிய காற்று அதன் வழியாக மேலே ஏறிப் போக, தெருப்பக்கத்துக் காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் அந்த வீட்டுக்கு அதுவே மின்விசிறி. சீனர்கள் அதில் விழும் மழைநீரைச் செல்வம் வந்து சேர்வதாக மதித்தார்கள். காரைக்குடி பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அங்கேயும் நடுவே முற்றம். மழை விழுந்தால் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் ஒரே வெயிலுக்கு ஒரே பதிலைக் கண்டிருக்கிறார்கள்.

அந்தத் தெருவில் 8ஆம் எண் வீட்டை நேயர்கள் நேரம் கிடைத்தால் போய்ப் பார்க்க வேண்டும். டச்சுக்காரர் காலத்து, 18ஆம் நூற்றாண்டு வீடு. மலேசிய மரபுடைமை அறக்கட்டளையான பாடான் வாரிசான் அதைப் பழுதுபார்த்து, பழைய வீடுகளை எப்படிப் பழுதுபார்ப்பது என்பதற்கே மாதிரியாக வைத்திருக்கிறது. அரண்மனை அல்ல, சாதாரண வீடு. அதனால்தான் பார்க்கத் தகுந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து. பழைய செங்கல் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதே சுவருக்குச் சிமெண்டு பூசி, மேலே பிளாஸ்டிக் வர்ணமும் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சில காலத்தில் பூச்சு உப்பி உதிரும். பழைய வீட்டை வாங்கிப் ‘பளபள’வென்று மாற்றியவர்கள் பலர் இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள்.

2008ஆம் ஆண்டு ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. அதன் பிறகு அந்தப் பழைய தெருக்களில் ஓர் ஓட்டைக்கூட நினைத்தபடி மாற்ற முடியாது. நல்லதுதான். ஆனால் பாச்சாங் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. பழைய நகரத்தில் முற்றத்தைக் காசு கொடுத்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக்குத் திரும்பிவந்து நம் கொல்லைக்குக் கூரை போடுகிறோம்.

மெர்லிமாவ் படிக்கட்டும் லயத்து அஞ்சடியும்

மலாய்க் கம்பத்து வீடுகளின் வழி வேறு. மெர்லிமாவில் சாலையோரம் பெங்ஹூலு அப்துல் கனியின் வீட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1894ஆம் ஆண்டு கட்டியது. தூண்கள் மேல் நிற்கும் மரவீடு; அடியில் காற்று ஓடும், மழைத்தண்ணீரும் ஓடும். நீண்டு சரிந்த கூரை சுவர்மேல் வெயில் படாமல் காக்கும். முன்னால் வந்தவர்களை உட்காரவைக்க நீண்ட தாழ்வாரம். எல்லாரும் நின்று பார்ப்பது அதன் படிக்கட்டைத்தான். இருபுறமும் வளைந்து இறங்கும், வண்ண ஓடுகள் பதித்த படிக்கட்டு. மரவீட்டுக்கு அந்த வண்ண ஓடு அன்றைய நாளில் புது நாகரிகம். அதை அவர்கள் ஒதுக்கவில்லை, ஆசையோடு பதித்தார்கள். ஆனால் அதற்காக வீட்டைத் தூணிலிருந்து இறக்கவில்லை. தாழ்வாரத்தை அடைக்கவும் இல்லை.

காஜா பெராங்கில் இருக்கும் செட்டிக் கம்பத்துக்குப் போனால் இன்னொரு வகையைப் பார்க்கலாம். மலாய் பேசி, சைவ வழிபாட்டை விடாமல் பல நூற்றாண்டுகளாக மலாக்காவில் வாழ்ந்துவரும் மலாக்காச் செட்டிகளின் இடம். 1781ஆம் ஆண்டில் தங்க ஆசாரிகள் தெருவில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அவர்கள் கட்டியதுதான். கம்பத்து வீடுகளில் நிலைப்படிக்கு மேலே மாவிலைத் தோரணம். முன்னால் உட்கார இடம். வீட்டின் அமைப்பில் மலாய்க் கம்பத்தின் சாயல் இருக்கிறது. மண்ணுக்கேற்றபடி வீடு, மனத்துக்கேற்றபடி வாசல் என்று வைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குக் கட்டடக் கலை வகுப்பு எடுக்கவில்லை.

சரி, தோட்டத்திலிருந்து வந்தவர்களின் மரபு எது? லயத்து வீடுதான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். லயத்தைப் பற்றி ஏக்கப்பட்டுப் பேசுவது அதில் வாழாதவர்களுக்கு எளிது. தகரக் கூரை, ஒரே அறை, பக்கத்து வீட்டுப் பேச்செல்லாம் காதில் விழும் பலகைத் தடுப்பு, பொதுக்குழாய், தூரத்தில் கழிவறை. தோட்டத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச வீட்டுவசதியை வற்புறுத்த 1990ஆம் ஆண்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வந்தவர், எனக்கு உறுதியான கல் சுவர் வேண்டும், பூட்டினால் பூட்டியபடி இருக்கும் கதவு வேண்டும், மகனுக்கும் மகளுக்கும் தனித்தனி அறை வேண்டும் என்று கேட்டால் அதில் தவறே இல்லை. அது ஆடம்பரம் அல்ல, மானம். வெள்ளைத் தூண் வைத்த வாசலைப் பார்த்துச் சிரிக்கும் படித்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அதே லயத்தில் ஒன்று நன்றாக இருந்தது. முன்னால் ஓடிய அஞ்சடி. பால்மரம் சீவிவிட்டு வந்தவர்கள் உட்கார்ந்தது அங்கே. பிள்ளைகள் பாடம் படித்தது, தாய்மார் பேன் பார்த்தது, தாத்தா வெற்றிலை இடித்தது எல்லாம் அங்கே. நிழலும் உண்டு, காற்றும் உண்டு, நாலு பேர் முகமும் உண்டு. ஊர்ப்பக்கத்துத் திண்ணை கப்பலேறி வந்து அஞ்சடியாக மாறியது என்றுகூடச் சொல்லலாம். கல் வீட்டுக்கு வந்தபோது சுவரைக் கொண்டுவந்தோம், கதவைக் கொண்டுவந்தோம். அஞ்சடி தோட்டத்திலேயே தங்கிவிட்டது. கேட்டோரம் பாட்டியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியோடு தேடிக்கொண்டிருப்பது அதைத்தான்.

ஒட்டிவைத்த மரபு

மரபு வேண்டும் என்று கேட்டால் குத்தகையாளர்கள் என்ன தருகிறார்கள்? பூசையறைக் கதவில் மணி, சுவரில் மயில், முகப்பில் தூண். கேட்டால் ‘டிசைன்’ என்பார்கள். இது நம்மவர்களிடம் மட்டும் உள்ள பழக்கமும் அல்ல. மலாக்கா என்றாலே சிவப்பு என்று எத்தனையோ புதுக் கட்டடங்களுக்குச் சிவப்பு அடிக்கிறார்கள். ஸ்டாடுயிஸ் கட்டடத்தை டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டியபோது அது வெள்ளையாக இருந்தது. சிவப்பு வர்ணம் ஆங்கிலேயர் காலத்தில் வந்து சேர்ந்தது. அந்தக் கட்டடத்தில் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது வர்ணத்தை அல்ல, தடித்த சுவரையும் உயர்ந்த ஜன்னலையும்தான்.

செட்டிநாட்டு வீடுகள் இதற்கு நேர்மாறு. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஐரோப்பியக் கண்ணாடி என்று உலகத்து நாகரிகப் பொருளையெல்லாம் வாங்கி வந்து இறக்கினார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி மலாயாவில் வட்டிக்கடை நடத்திச் சேர்த்தது. இவ்வளவு புதுமைக்கும் இடம் கொடுத்தவர்கள், முகப்பு, வளவு, முற்றம், பின்கட்டு என்ற வரிசையை மட்டும் தொடவில்லை. பொருள் வெளிநாட்டிலிருந்து வரலாம்; வெயிலும் மழையும் உள்ளூர்தானே.

இதே நாட்டில் கட்டடக் கலைஞர் கென் இயாங் 1980களில் அம்பாங்கில் தமக்கே ஒரு வீடு கட்டிக்கொண்டார். வீட்டுக்குமேல் குடைபோல இன்னொரு கூரை. அதில் பலகை பலகையாக இடைவெளி. வெயில் முதல் கூரையோடு நின்றுவிடும். வெள்ளை வெளேரென்று முழுக்க முழுக்க நவீன வீடு, செய்யும் வேலையோ பழைய வேலை. பாங்கியில் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிங்கர் வீடு செங்கால் மரத்தில், மரபுத் தச்சரின் கைவேலையால் எழுந்தது. 1998ஆம் ஆண்டில் ஆகா கான் கட்டடக் கலை விருது பெற்றது. இவையெல்லாம் விசாலமான நிலத்தில் வசதியுள்ளவர்கள் கட்டியவை. தொடர் வீட்டுக்காரர் இவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடலாமே தவிர வேறென்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதற்குக் கொழும்பில் ஒரு பதில் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா, பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக நகரத்துக்குள் அடக்கமான ஒரு மனையில் வீடு கட்டினார். நடுவில் வீடு, சுற்றிலும் தோட்டம் என்ற ஆங்கிலேயர் பாணியைத் திருப்பிப் போட்டார். மனையின் விளிம்பில் சுவர், நடுவில் முற்றம், அதைச் சுற்றி அறைகள். தெருவுக்கு முகம் காட்டாமல் வீடு தனக்குள்ளேயே ஆகாயத்தை வைத்துக்கொண்டது. இலங்கையில் அதற்குப் பின் வந்த நகரத்து வீடுகள் பலவற்றுக்கு அது வழிகாட்டியாயிற்று. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கியே சுவரை ஜன்னலாக்கினார். கண்ணாடிச் செலவும் மிச்சம், கம்பிச் செலவும் மிச்சம். ஏழைகளுக்கும் அவர் அப்படியே கட்டிக் கொடுத்தார். மலேசியர்களுக்கு அந்த ஓட்டைச் சுவர் அந்நியமானதல்ல. பழைய பள்ளிக்கூடத்து மாடிப்படிச் சுவர்களில் வரிசையாகப் பதித்த ஓட்டைக்கல் ஞாபகம் இருக்கிறதல்லவா? அதேதான்.

22 அடியில் என்ன செய்யலாம்?

இனி பாச்சாங் வீட்டுக்கே வருவோம். குத்தகையாளர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை அறை வேண்டும்?” வீட்டுக்காரர் திருப்பிக் கேட்க வேண்டியது, “எந்த இடத்தைத் திறந்து விடப் போகிறீர்கள்?” அதை முதலில் காகிதத்தில் கட்டம் போட்டு ஒதுக்கிவிட்டு அறைகளைப் பிறகு வரையச் சொல்ல வேண்டும். அறைகளை வரைந்த பிறகு மிச்சத்தைத் திறந்து விடலாம் என்றால் மிச்சம் எதுவும் இருக்காது.

எவ்வளவு திறந்து விடுவது? இரண்டு மாடி வரையுள்ள கட்டடங்களில் காற்று முற்றம் வைத்தால் அது 7 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் இரண்டரை மீட்டர் வேண்டும் என்று முன்பு சொன்ன துணைச் சட்டங்கள் வகுத்திருக்கின்றன. அடிக்கணக்கில் ஏறக்குறைய 75 சதுர அடி. ஒரு சின்ன அறையின் இடம். பழைய குசினிக்கும் புதுக் குசினிக்கும் நடுவே இதை விட்டால், நடு அறைக்கு மீண்டும் வெளி ஜன்னல் கிடைக்கும். துணி காயப்போடவும் கறிவேப்பிலைத் தொட்டி வைக்கவும் அங்கேயே இடம். கூரை போடாத இடத்துக்குக் கூரைச் செலவும் இல்லை.

திருடன் வருவான் என்பார்கள். உண்மைதான். கொல்லையை அடைக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பயம்தான் காரணம். முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி போடலாம். கம்பி காற்றைத் தடுக்காது. கொசு வரும் என்றால் அதன் கீழே வலை. சாரல் அடிக்கும் என்றால் ஓரத்துக் கூரையை இரண்டடி நீட்டினால் போதும். இவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. சிலர் செய்வதுபோல் முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடுவதுதான் ஆகாது. வெளிச்சம் வரும், கூடவே சூடும் வரும், வந்த சூடு போகாது. அப்படித்தான் போட வேண்டுமென்றால் சுவருக்கும் தகட்டுக்கும் இடையே ஓரடியாவது இடைவெளி விட்டுத் தூக்கிப் போட வேண்டும்.

கூரைக்குச் செலவழிப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. கிரகப்பிரவேசத்தில் யாரும் சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்துப் பாராட்டப் போவதில்லை. ஆனால் ஓட்டுக்குக் கீழே வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாளும் சீலிங்குக்கு மேலே பஞ்சு விரிப்பும் போடுவது, வாசல் தூண் இரண்டையும்விடப் பல மடங்கு பயன் தரும். பிளாஸ்டர் சீலிங்கைத் தாழ்த்தி இறக்குவதும் இன்றைய மோகம். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச உயரம் இரண்டரை மீட்டர். அது குறைந்தபட்சம்தான், இலட்சியம் அல்ல. சூடான காற்று தலைக்கு மேலே போய் நிற்க இடம் வேண்டும். பழைய காலத்து வீடுகளில் கதவுக்கு மேலே காற்றுத் துவாரம் வைத்தது சும்மா இல்லை.

முன்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாச்சாங் என்பது மலாயில் ஒரு மாமர வகையின் பெயர். மணம் தூக்கலான பழம், சம்பாலுக்கு நன்றாக இருக்கும். மரத்தின் பேர் கொண்ட வட்டாரத்தில் வாசல் முழுக்க வழவழ ஓடு பதித்து, மண் தெரியாமல் மூடிவிடுகிறோம். வெயிலில் அது அனல் அடிக்கும், மழையில் வழுக்கும். மண்ணில் இறங்க வேண்டிய தண்ணீர் அத்தனையும் ஒரே நேரத்தில் சாலைக் கால்வாய்க்கு ஓடும். காருக்கு இரண்டு சக்கரத் தடம் போதும். கேட்டுப் பக்கம் நாலடி நிழலை, அஞ்சடிபோல், உட்கார விட்டுவைக்கலாம்.

காற்றைத் தவிர, உயிருக்கே சம்பந்தமான விஷயம் ஒன்று உண்டு. பின்பக்கம் எல்லை வரை கட்டி, பின்கதவையும் எடுத்துவிட்டு, முன்பக்கம் இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டால், தீ விபத்து நேர்ந்தால் வெளியேற ஒரே வழிதான். குசினி பின்னால் இருக்கிறது, முதியவர் நடு அறையில் இருக்கிறார். பின்சந்துக்கு ஒரு கதவு கட்டாயம் வேண்டும். சாவி உள்ளேயே, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் தொங்க வேண்டும்.

புதிதாகச் சேர்த்த பகுதி பழைய சுவரை விட்டு விரிசல் காண்பதும் பரவலான புகார். பழைய வீடு இறங்க வேண்டிய அளவு இறங்கி நிலைத்துவிட்டது. புது அடித்தளம் இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் இறுகப் பிணைத்துக் கட்டினால் நடுவே கீறத்தான் செய்யும். சேருமிடத்தில் இடைவெளி விட்டு, நெகிழும் பசையால் அடைப்பதே முறை. அடித்தளத்தைக் குத்தகையாளரின் அனுபவத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டுவது நல்லது. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974இன்படி இத்தகைய வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவை. அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதத்தையும் பல மன்றங்கள் கேட்கின்றன. ‘எல்லாரும் கட்டுகிறார்கள், யார் கேட்கப் போகிறார்கள்’ என்று தொடங்குகிறவர்கள், வீட்டை விற்கும்போதோ பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கும்போதோ சிக்கிக்கொள்கிறார்கள்.

ஏற்கெனவே மூடிவிட்டோமே, இனி என்ன செய்வது என்று கேட்கும் நேயர்கள் நிறைய இருப்பீர்கள். எல்லாவற்றையும் இடிக்க வேண்டியதில்லை. பின்குசினிக் கூரையில், நடு அறை ஜன்னலுக்கு நேராக மூன்றடி அகலத்துக்குக் கூரையை எடுத்துவிட்டுக் கம்பியும் வலையும் போடலாம். கீழே விழும் மழைக்கு ஒரு வடிகால் வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் பின்சுவரின் மேல் இரண்டு வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டு ஓட்டைக்கல் பதிக்கலாம். முன்ஜன்னலைத் திறந்து வைத்து, அந்த ஓட்டைக்கல்லின் அருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். காகிதம் வெளிப்பக்கம் சாய்ந்தால் காற்று வழி கண்டுவிட்டது என்று பொருள். சாயவில்லை என்றால் நடுவில் எந்தக் கதவு அடைத்திருக்கிறது என்று தேட வேண்டும்.